ஏழே கால் விநாடி

சென்னியப்பனின் வாய் ஒரு சொல் சொல்வதற்குள் அவன் கை இரண்டு வேலை பார்த்துவிடும். நல்லூர்ப் பக்கம் அவனைத் தெரிந்தவர்கள் யாரும் இதைப் பெரிய குறையாக எடுத்துக்கொண்டதில்லை. வேலைக்காரன் என்றால் கொஞ்சம் கோபம் இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார்கள். அப்படி விட்டதுதான் தப்பு என்பது என் கட்சி. பேருந்தில் காலை மிதித்தவனை அறைந்திருக்கிறான். குறுக்கே வந்த தண்ணீர் லாரிக்காரனை அறைந்திருக்கிறான். கல்யாணப் பந்தியில் ரசத்தைச் சட்டையில் கொட்டியவனைக்கூட விடவில்லை. அறைந்த கையோடு, "ஏனுங்க, பாத்து நடக்கோணுமில்லீங்க?" என்று மரியாதையாகவும் கேட்பான். கொங்கு நாட்டு மரியாதையெல்லாம் அவன் வாயோடு நின்றுவிட்டது. கை வரைக்கும் இறங்கவே இல்லை.

அவன் வேலை கழிவுநீர்க் குழாயோடு. நாற்பத்திரண்டு சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நல்லூருக்குக் கிழக்கே ஒரு பெரிய தொட்டியில் வந்து சேரும். அங்கிருந்து பம்பு வைத்துத் தள்ளினால், மண்ணுக்கடியில் நாலாயிரத்து நூற்று அறுபது மீட்டர் போய், முதலிபாளையம் பக்கத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் விழும். ஓர் அடி விட்டமுள்ள கறுப்புப் பிளாஸ்டிக் குழாய். ரோட்டுக்கடியில் போகும், தென்னந்தோப்புக்கடியில் போகும், சிலர் வீட்டுச் சமையலறைக்கு ஓரடி தள்ளியும் போகும். அதிலிருந்து ஒரு குடம் தண்ணீர் நொய்யலில் கலந்தாலும் பட்டறைகளுக்குப் பூட்டு விழும். குழாய் நின்றால் சாயம் நிற்கும். சாயம் நின்றால் ஊரில் தையல் மிஷின் ஓடாது. அதனால் சென்னியப்பனை எல்லோரும் 'லைன்காரர்' என்று கொஞ்சம் பயத்தோடுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பயம் அவனுக்குப் பிடிக்கவும் பிடித்திருந்தது.

குழாய்க்குள் ஓடுகிற தண்ணீரின் குணமும் சென்னியப்பனின் குணமும் ஒன்றுதான். ஓடவிட்டால் ஓடும். சட்டென்று நிறுத்தினால் அடிக்கும். ஏழு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் கரண்டு போய் பம்பு நின்றது. போன தண்ணீர் திரும்பி வராமல் தடுக்க ஒரு வால்வு உண்டு. அது அன்றைக்கு மூடாமல் தொக்கி நின்று, தண்ணீர் பாதி தூரம் திரும்பி வந்த பிறகு அறைந்து மூடிக்கொண்டது. பின்னால் வந்த தண்ணீர் முழுவதும் அந்தக் கதவில் மோதியது. பம்பு அறைக்குள் இருந்த இரும்பு வளைவு நாலு துண்டாகச் சிதறியது. ஒரு துண்டு கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. இன்னொரு துண்டு குமரனின் முழங்காலைக் கொண்டுபோனது.

குமரன், சென்னியப்பனின் மனைவி சித்ராதேவியின் தம்பி. மச்சானை நம்பி அதே பம்பு அறையில் வேலைக்குச் சேர்ந்தவன். ஊதா நிறத் தண்ணீரில் ரத்தம் எது, சாயம் எது என்று தெரியாமல் சென்னியப்பன் அவனை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ரோடு வரை ஓடினான். கால் மிஞ்சவில்லை. அன்றிலிருந்து குமரன் அக்கா வீட்டில்தான் இருக்கிறான், ஊன்றுகோலோடு. அன்றிலிருந்துதான் சென்னியப்பன் அந்தக் குழாயைத் தன் வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பார்ப்பதுபோல் பார்க்க ஆரம்பித்தான். அதைத் தொடுகிற எவனையும் அவன் மன்னிப்பதில்லை.

ஆனால் தண்ணீரின் அந்த அடியையே அவன் வேலைக்கு வைத்துக்கொண்டான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். கம்பெனி ஒரு அளவுக்கருவி வாங்கிக் கொடுத்தது. குழாயின் அழுத்தத்தை ஒரு விநாடிக்கு இருநூறு தடவை எழுதிக்கொள்ளும் பெட்டி. பம்பை மெதுவாக ஓடவிட்டு, பக்கத்தில் இருக்கிற சின்ன வால்வைத் திறந்து கொஞ்சம் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பிவிட வேண்டும். பிறகு அந்த வால்வை ஓங்கி ஒரே அறை அறைந்து மூட வேண்டும். குழாய்க்குள் ஓர் அடி விழும். அந்த அடி தண்ணீர் வழியாகவே போய், எங்கே அடைப்பு இருக்கிறதோ அங்கே மோதித் திரும்பி வரும். போய் வந்த நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம். அந்தக் குழாயில் அடி விநாடிக்கு முந்நூற்று இருபது மீட்டர் போகும் என்று அவனே பலமுறை பார்த்து வைத்திருந்தான். அடைப்பே இல்லாவிட்டால் கடைசித் தொட்டி வரை போய்த் திரும்ப இருபத்தாறு விநாடி. வால்வை அவன் மூடுகிற வேகத்தில் வேறு யாராலும் மூட முடியாது. அறைகிற கை அல்லவா!

இந்த ஆவணி மாதம் குழாய் திணற ஆரம்பித்தது. பம்பு அறையில் எப்போதும் ஐந்து கிலோ காட்டுகிற அழுத்தமுள் ஆறுக்குப் போனது, ஏழுக்குப் போனது. பன்னிரண்டாம் நாள் எட்டைத் தொட்டபோது நல்லூர்த் தெரு ஒன்றில் குழாய் வெடித்தது. நிறுத்தி வைத்திருந்த ஸ்கூட்டரைச் சிவப்புத் தண்ணீர் வீட்டு மதில் மேல் தூக்கி எறிந்தது. பால் வாங்க வந்த ஒரு பெண்ணுக்கு நெற்றி பிளந்தது. பட்டறை முதலாளிகள் மணிக்கு நாலு தடவை போன் செய்தார்கள். எங்கோ அடைத்திருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை. அதுவரை பம்பை மெதுவாக்க முதலாளிகள் விடவில்லை, இனி வெடித்த இடத்தைச் சரிசெய்து முடிக்கும் வரை பெட்டியைப் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. சென்னியப்பன் வால்வு திருகுகிற மூன்றடி இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு, லைன் நெடுகக் குழி குழியாகப் பார்த்துக்கொண்டே போனான். பம்பு ஓட்டுகிற காசிமாயன் கூடவே வந்தான். காசிமாயன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். பிழைக்க வந்து பதினைந்து வருடமாகிறது.

இரண்டாயிரத்து எண்ணூறாவது மீட்டரில் ஈஸ்வரமூர்த்தியின் தோப்பு. அவருக்கு அறுபது வயது நெருங்குகிறது. நாலு வருடத்துக்கு முன் அவர் தோப்புக்குள் குழாய் விரிசல் விட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது. தென்னை எல்லாம் குரும்பையிலேயே கொட்டின. கேட்கிற இடத்திலெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் சுத்திகரிப்பு நிலையத்து வாசலில் நின்று, "உங்க கொழாயி ஒரு நாளைக்கு நெஞ்சடைச்சுச் சாவோணுமுங்க" என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனவர். அவர் தோப்பு ஓரத்தில் குழாயின் காற்றைப் பிரித்து வெளியே விடுகிற வால்வு ஒன்று, சிமென்ட் குழிக்குள் இருக்கிறது. அன்றைக்கு அந்தக் குழியின் மூடி நகர்ந்து கிடந்தது. உள்ளே முழங்கால் உயரத்துக்குக் கல்.

சென்னியப்பன் கல்லைப் பார்த்தான். தேங்காய் மட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தான்.

"ஏனுங்க, இந்தக் கல்லு யாரு போட்டதுங்க?"

"என்ற காட்டுல கெடக்கற கல்லுக்கு உங்களுக்கெதுக்குங்க தம்பி பதில் சொல்லோணும்?"

"கொழாயை அடைச்சது நீங்கதானுங்களா?"

"அடைச்சா என்னுங்க? என்ற கெணத்தக் கெடுத்தீங்க, மரத்தக் கெடுத்தீங்க. அடைக்கட்டுமுங்க. வெடிச்சு நாலு பேரு சாவட்டுமுங்க, அப்பத்தான் உங்களுக்கெல்லாம் ஒறைக்கும்."

நாலு பேர் சாகட்டும் என்ற சொல் காதில் விழுந்ததும் சென்னியப்பன் கண்ணுக்குக் குமரனின் கால் தெரிந்தது என்று பிறகு ஊரில் பேசிக்கொண்டார்கள். அவனுக்காகப் பேசியவர்கள் கட்டிய கதை அது. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரும்புச் சாவி தோளிலிருந்து இறங்கி ஈஸ்வரமூர்த்தியின் வலது கன்னத்து எலும்பில் விழுந்தது. கண்ணுக்குக் கீழே தோல் கிழிந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அவர் விழுந்தார். விழுந்தவர் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினார். அடுத்த அடி அந்தக் கையில் விழுந்து முன்கை முறிந்தது. மூன்றாவது அடி விலாவில். மாட்டுச்சாளையிலிருந்து அவர் மனைவி தெய்வாத்தாள் ஓடிவந்து அவர்மேல் குப்புற விழுந்து, "உட்டுருங்க சாமி, கும்பிடறனுங்க, உட்டுருங்க" என்று கத்தினாள். நாலாவது அடி ஓங்கியபோது காசிமாயன் பின்னாலிருந்து இடுப்போடு கட்டிக்கொண்டு அவனைத் தரையில் சாய்த்தான்.

"என்னண்ணே செஞ்சுபுட்டீக... ஆளு செத்துருவாருண்ணே!"

ஈஸ்வரமூர்த்தி சாகவில்லை. திருப்பூரில் கட்டுப் போட்டு, கோவைக்குக் கொண்டுபோனார்கள். வலது கண் போய்விட்டது என்று மறுநாள் சொல்லிவிட்டார்கள்.

கம்பெனி மேனேஜர் தமிழ்செல்வன் நாற்பது வயதுக்குள் இருப்பவன். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவன், அதனாலேயே ஆபத்தானவன். தெய்வாத்தாள் ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்பே அவன் போய்விட்டான். தோப்புக்காரர் பொதுக் குழாயைக் கல் போட்டு அடைத்தார், கேட்கப் போன ஊழியரை அரிவாளால் வெட்ட வந்தார், தற்காப்புக்காகத் தடுத்ததில் காயம் பட்டது என்று மனு. மட்டை இழுத்துக்கொண்டிருந்தவர் கையில் அரிவாள் எங்கிருந்து முளைத்தது என்று யாரும் கேட்கவில்லை. ஏட்டையா இரண்டு பக்கத்து மனுவையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றுதான் சொன்னார்.

"அடைப்பு எங்கிருக்குதுன்னு உங்க டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கொண்டாங்க. அது அவரு காட்டுல இருந்தா அவரு மேல கேஸு. வேற எங்கியாச்சும் இருந்தா உங்காளு மேல கேஸு. அதுவரைக்கும் யாரும் ஊரை விட்டுப் போவக்கூடாது."

கண் போன செய்தி வந்த அன்று ராத்திரி வீட்டில் சித்ராதேவி சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். குமரன் மட்டும் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், எனக்காகத்தான் அடிச்சீங்கன்னு ஊர்ல பேசிக்கறாங்க. அப்படிங்களா?"

"அந்தாளு கொழாயை அடைச்சிருக்கறான்டா."

"அடைச்சிருந்தா அவரு தப்புத்தானுங்க. அடைக்காம இருந்தா? என்ற காலுக்கு அவரு கண்ணைப் புடுங்குனது யாருக்குங்க ஆகும்?"

"அடைச்சிருக்கறான்னு சொல்றேன்ல!" என்று சென்னியப்பன் தட்டைத் தள்ளிவிட்டான். சோறு சுவர் வரைக்கும் சிதறியது. குமரன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். அவன் போன பிறகு சென்னியப்பன் சிதறின சோற்றைத் தானே கூட்டி அள்ளினான்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குச் சோதனை. வெடித்த இடம் சரியாகிவிட்டது. காசிமாயன் பம்பு ஸ்விட்ச்சில் நின்றான். தமிழ்செல்வன் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வாசலில் நின்றான். சின்ன வால்வு வழியாகக் கழிவுநீர் வெந்நீர் மாதிரி ஆவி பறக்கத் தொட்டிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் வால்வின் பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். சென்னிமலை முருகனிடம் பிள்ளை கேட்டிருக்கிறான், குமரனின் காலைக் கேட்டிருக்கிறான். இன்றைக்குத்தான் ஒரு எண்ணைக் கேட்டான். பதினேழரை விநாடி. இரண்டாயிரத்து எண்ணூறு மீட்டர் போய்வர ஆகிற நேரம். பதினேழரை வந்துவிட்டால் அந்த ஆள் குற்றவாளி. தான் அடித்தது கொஞ்சம் அதிகப்படி, அவ்வளவுதான்.

அறைந்து மூடினான். குழாய் ணங்கென்று ஒலித்தது. பெட்டியின் திரையில் கோடு ஒரு படி ஏறி நேராக ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்க்குள் எண்ணினான். ஏழைத் தாண்டியதும் கோடு இன்னொரு படி ஏறியது. அடைப்பில் மோதின அடி திரும்பி வந்துவிட்டது. ஏழே கால் விநாடி.

"என்னங்ண்ணா ஆச்சு?" என்றான் தமிழ்செல்வன்.

சென்னியப்பன் வால்வைத் திறந்து மறுபடி அறைந்தான். ஏழே கால். மூன்றாவது தடவையும் ஏழே கால். நாலாவது தடவை மூடும்போது, "வாடா, வாடா" என்று வாய்விட்டே கத்தினான். யாரைக் கூப்பிட்டான் என்று காசிமாயனுக்கு விளங்கவில்லை. ஐந்தாவது தடவை உடம்பின் மொத்த பலத்தையும் போட்டு அறைந்ததில், இணைப்பிலிருந்த ரப்பர் பிதுங்கித் தெறித்தது. எட்டு கிலோ அழுத்தத்தில் சூடான சாயத் தண்ணீர் பீச்சி அவன் நெஞ்சில் அடித்துச் சுவரோடு சேர்த்துத் தள்ளியது. காசிமாயன் பம்பை நிறுத்தினான். கழுத்திலிருந்து இடுப்பு வரை சட்டை பச்சையாகி, அதற்குள் தோல் சிவந்து கொப்பளிக்கத் தொடங்கியிருந்தது. சென்னியப்பன் எழுந்து வந்து பெட்டியைத்தான் பார்த்தான். அதிலும் ஏழே கால்தான்.

"மிஷின் தப்பாக் காட்டுதுங்ண்ணா," என்றான் தமிழ்செல்வன். "நீங்க பதினேழரைன்னு எழுதிக் குடுங்க. நான் சீல் வெச்சுக் குடுத்தர்றேன்."

"ஆயிரத்து நூத்து அறுவதாவது மீட்டர்ல தோண்டிப் பாக்கோணுமுங்க."

"அங்க எதுக்குங்ண்ணா?"

"பாக்கோணுமுங்க" என்றான் சென்னியப்பன். அந்தக் குரலுக்கு மேல் பேசத் தமிழ்செல்வனுக்குத் தைரியமில்லை.

ஆயிரத்து நூற்று அறுபதாவது மீட்டரில் ரோட்டோரம் ஒரு வால்வு புதைந்திருந்தது. ஜே.சி.பி. வைத்துத் தார் ரோட்டைக் கிழித்து, மத்தியானம் இரண்டு மணிக்கு வால்வைக் கழற்றினார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். வால்வின் இரும்பு இதழில் ஒரு பெரிய உருண்டை மாட்டிக்கொண்டிருந்தது. மேலே எல்லாம் பஞ்சும் நூலும் சாயக் களியும் சேர்ந்து ஆட்டுக்குட்டி அளவுக்கு ஊறிப் பருத்துக் கிடந்தது. சென்னியப்பன் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். வராமல் அடம்பிடித்தது, காலை ஊன்றி இழுத்ததில் பொத்தென்று அவன் மடியில் வந்து விழுந்தது. கத்தியால் கிழித்தான். உள்ளே பனியன் துணி. இறுக்கிச் சுருட்டின மூட்டை, இடுப்பு எலாஸ்டிக் நாடாவால் மூன்று சுற்றுச் சுற்றிக் குறுக்கே முடிச்சு.

காசிமாயன் குனிந்து பார்த்தான். "அண்ணே... இது நம்ம வச்ச மூட்டைதானண்ணே?"

திருப்பூரில் எதற்கும் பனியன் வேஸ்ட்தான் மருந்து. எண்ணெய் துடைக்கவும் அதுதான், ஒழுகுகிற ஓட்டையை அடைக்கவும் அதுதான். உடைந்த குழாயை வெட்டிவிட்டுப் புதுத் துண்டை ஒட்டும்போது, உள்ளே மிச்சமிருக்கிற தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஈரம் பட்டால் சூடு வைத்து ஒட்டுகிற இடம் பிடிக்காது. அதற்காகப் பனியன் வேஸ்ட்டைச் சுருட்டிக் கட்டி, அதில் ஒரு கயிறு மாட்டி, குழாய்க்குள் ஒரு கை நீளத்துக்குத் தள்ளி அடைத்துவிட்டு ஒட்டுவார்கள். கடைசி முனையை மூடுவதற்கு முன் கயிற்றைப் பிடித்து மூட்டையை வெளியே இழுத்துவிட வேண்டும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத முறை. ஆனால் இந்த ஊரில் எல்லோரும் செய்கிற முறை. அந்த மூன்று சுற்று முடிச்சு சென்னியப்பன் ஒருத்தன் போடுவது.

சித்திரை மாதம் சாக்கடை வேலைக்கு வந்த ஜே.சி.பி., அந்த வால்வுக்கு முப்பது மீட்டர் முன்னால், பம்பு இருக்கிற பக்கமாக, குழாயை இடித்து உடைத்திருந்தது. சென்னியப்பன்தான் ஒட்டினான். ரோட்டை மறித்து வைத்திருந்தார்கள். கடைசி முனையை ஒட்டப் போகிற நேரத்தில் ஒரு வேன்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். சென்னியப்பன் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுப் போய் அவனைக் கதவு வழியாக இழுத்துக் கீழே போட்டு மிதித்தான். வாயில் ரத்தத்தோடு அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். திரும்பி வந்த சென்னியப்பன் இன்னும் அந்த வேன்காரனைத் திட்டிக்கொண்டிருந்தான். வந்த வேகத்தில் சூடு வைத்து முனையை அழுத்தி ஒட்டிவிட்டான். கயிறும் மூட்டையும் உள்ளேயே இருந்துவிட்டன. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டுபோய் வால்வில் மாட்டியது. நாலு மாதமாக வருகிற பஞ்செல்லாம் அதில் சேர்ந்து சேர்ந்து குழாயின் கழுத்தை நெரித்தது. நெரித்தது ஈஸ்வரமூர்த்தி இல்லை.

தமிழ்செல்வன் சுற்றுமுற்றும் பார்த்தான். ஜே.சி.பி. ஓட்டுகிறவன் டீ குடிக்கப் போயிருந்தான்.

"யானைக்கும் அடி சறுக்குமுங்ண்ணா. அடைப்பு போயிருச்சில்ல, அது போதும். இதக் கொண்டுபோயி பாய்லர்ல போட்டுருவோம். ரிப்போர்ட்ல ரெண்டாயிரத்து எண்ணூறுன்னு எழுதீருவோம். அந்தப் பெரியவரு கல்லுப் போட்டது போட்டோல இருக்குது. வேற யாருக்கும் ஒண்ணும் தெரியப் போறதில்லீங்க."

"எனக்குத் தெரியுமுங்களே."

"நீங்க உள்ள போனா உங்க ஊட்ல ரெண்டு பேரு என்ன செய்வாங்க? ஒத்தக் காலு மச்சான் வந்து லைன் பாப்பாருங்களா?"

சென்னியப்பனின் கை எழுந்தது. பழக்கம். தமிழ்செல்வன் இரண்டு எட்டுப் பின்னால் போய் மண்மேட்டில் தடுக்கி உட்கார்ந்தான். அவனை அடித்திருந்தால் இந்த ஒரு தடவை எனக்கே கொஞ்சம் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் சென்னியப்பன் அந்தக் கையால் மூட்டையை அள்ளிச் சாக்கில் போட்டுக் கட்டினான். பம்பு அறைக்குப் போய், பெட்டியில் எழுதியிருந்த கோட்டைக் காகிதத்தில் எடுத்து மடித்து, வெந்துபோன நெஞ்சின் மேல் ஈரச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். கொப்புளத்தில் காகிதம் உரசியது.

"நானும் வாரேண்ணே" என்றான் காசிமாயன்.

"வேண்டாம் காசி. வால்வைத் திருப்பி மாட்டிட்டு நீ பம்பைப் போடு. எத்தனை கிலோ காட்டுதுன்னு போன்ல சொல்லு."

அவன் கோவை ரோட்டில் பாதி தூரம் போனபோது போன் வந்தது. ஐந்து கிலோ, பழையபடி. பஸ்ஸில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் சாக்கு நாற்றம் தாங்காமல் எழுந்துபோய் நின்றுகொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஈஸ்வரமூர்த்தி சுவர்ப் பக்கம் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். முகத்தின் வலது பாதி முழுக்கக் கட்டு. முறிந்த கை மாவுக்கட்டில் கிடந்தது. பக்கத்தில் ஸ்டூலில் தெய்வாத்தாள். வாக்குமூலம் வாங்க வந்த ஏட்டையா கட்டில் ஓரத்தில் அட்டையும் காகிதமுமாக நின்றுகொண்டிருந்தார். சென்னியப்பனைக் கண்டதும் தெய்வாத்தாள் கணவனுக்குக் குறுக்கே எழுந்து நின்றாள். அன்றைக்கு விழுந்த மாதிரியே இப்போதும் அவர்மேல் விழத் தயாராக நின்றாள். அதைப் பார்த்ததும் சென்னியப்பன் வாசல் பக்கமே நின்றுவிட்டான். தன்னைப் பார்த்து ஒரு பெண் இப்படிப் பயப்படுவதை அவன் வெட்கத்தோடு பார்த்தது அதுதான் முதல் தடவை.

சாக்கைத் தரையில் வைத்து அவிழ்த்தான்.

"கொழாயை அடைச்சது இதுங்க. என்ற கையால கட்டின மூட்டைங்க. நான் உள்ள மறந்து உட்டதுங்க. இவரு காட்டுல அடைப்பே இல்லீங்க. டெஸ்ட்டு பேப்பர் இதா இருக்குதுங்க."

ஏட்டையா காகிதத்தை வாங்கிப் பார்த்தார். மூட்டையை பூட்ஸ் முனையால் தள்ளிப் பார்த்தார். "அப்ப அந்தக் கல்லு?"

"கல்லுப் போட்டது நாந்தானுங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி. கட்டுக்குள்ளிருந்து குரல் குழறி வந்தது. "அடைக்கட்டும்னுதான் போட்டனுங்க. அதுல பொய் சொல்ல மாட்டனுங்க."

சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்த ஒரு நொடி சென்னியப்பனுக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. போட்டிருக்கிறார். அடைக்கத்தான் போட்டிருக்கிறார். அப்படியென்றால் தன் பக்கமும் ஏதோ கொஞ்சம் இருக்கிறது.

ஈஸ்வரமூர்த்தி ஒற்றைக் கண்ணால் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் தம்பி, ஒண்ணு கேக்கோணும். நமக்கு இந்தக் கொழாய் வெவகாரம் தெரியாதுங்க. அந்தக் குழிக்குள்ள போட்ட கல்லு கொழாய்க்குள்ள போவுமுங்களா?"

ஒரு பொய் போதும். ஆஸ்பத்திரியில் அதைப் பொய் என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. ஏட்டையாவுக்கும் தெரியாது.

"போவாதுங்க."

"எதனாலீங்க?"

"அங்க கொழாய்க்கு வாயே இல்லீங்க. வால்வு மேல மூடியிருக்கும். உள்ள இருந்து காத்து மட்டுந்தான் வெளிய வரும். வெளிய இருந்து ஒரு சின்னக் கல்லுகூட உள்ள போவ வழியில்லீங்க."

"இது உங்களுக்கு இன்னைக்குத் தெரிஞ்சதுங்களா?"

"இல்லீங்க. அந்த வால்வை மாட்டுனதே நாந்தானுங்க."

"அப்ப என்னைய அடிக்கறப்பவும் தெரியுமுங்க."

சென்னியப்பன் தெய்வாத்தாளைப் பார்த்தான். அவள் கை முந்தானையைப் பிடித்துப் பிசைந்துகொண்டிருந்தது.

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா அடிச்சீங்க?" என்றாள் தெய்வாத்தாள். "வயசான மனுசன். கையில ஒண்ணுமில்ல. கல்லு உள்ள போவாதுன்னு தெரியும். அப்பறம் எதுக்குங்க சாமி அடிச்சீங்க?"

பன்னிரண்டு நாள் தூக்கம் இல்லை என்று சொல்லலாம். குமரனின் கால் என்று சொல்லலாம். ஊரே அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. சாகட்டும் என்று அவர் சொன்ன சொல்லைச் சொல்லலாம். எல்லாம் வாய் வரைக்கும் வந்தன. நெஞ்சில் கொப்புளம் உடைந்து சட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அடிக்கோணும் போல இருந்துச்சுங்க" என்றான்.

ஏட்டையா அதை அவன் சொன்னபடியே எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போடச் சொல்லி அட்டையை நீட்டினார். அவன் போட்டான். ஈஸ்வரமூர்த்தி மிச்சமிருந்த கண்ணை மூடிக்கொண்டார்.